நடுவில் விட்ட இடம்

கேள்வியைச் சுமந்துகொண்டு குருவைத் தேடிப் போனவர்களைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. இது கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிற ஒருவன் போன கதை.

அவன் பெயர் வைரவன். அந்த ரயில்வே ஜங்ஷனில் வந்து இறங்கியபோது அவனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பாடம் படிக்கப் போகிற வயதில்லை. தோளில் கேமரா பை, கையில் ஒரு சூட்கேஸ். சென்னையில் பெரிய கல்யாணம், வர நாளாகும் என்று மனைவியிடம் ஒரு பொய்யும் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

காரைக்குடிப் பக்கத்தில் கல்யாணம் என்றால் வைரவன்தான். மாப்பிள்ளையின் தொப்பையை மாலையை இறக்கிவிட்டு மறைப்பான். பெண்ணின் நெற்றித் தழும்பை முடியை இழுத்துவிட்டு மறைப்பான். பல் எடுப்பாக இருக்கிறவர்களிடம், "உதட்ட மூடிக்கிட்டு சிரிங்கண்ணே, அதான் உங்களுக்கு அம்சம்" என்பான். யாருக்கும் மனம் நோகாமல் சொல்லத் தெரிந்தவன். ஆல்பத்தைப் புரட்டுகிற சொந்தக்காரர்கள், "இவுக நம்ம வீட்டு ஆளுகதானா?" என்று வாயைப் பிளப்பார்கள். அவனுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

பிறகு அது கசந்துபோனது. மதுரையில் ஒரு கண்காட்சியில் பிலோமினா என்பவர் எடுத்த படம் ஒன்றைப் பார்த்தான். ரயிலடியில் நிற்கிற ஒரு பெண்ணின் பின்கழுத்து. அவ்வளவுதான், முகம் கிடையாது. அதன் முன்னால் நின்றவன் சாப்பாட்டு வேளை தாண்டியும் நகரவில்லை. இத்தனை வருஷம் தான் எடுத்ததில் ஒரு படமாவது யாரையாவது இப்படி நிறுத்தி வைத்திருக்குமா என்று நினைத்துப் பார்த்தான். வைத்திருக்காது என்று தெரிந்தது.

பிலோமினாவுக்கும் கிட்டத்தட்ட அவன் வயதுதான். சென்னையில் ஓவியக் கல்லூரி ஒன்றில் போட்டோகிராபி சொல்லிக் கொடுத்தவர். பேரும் புகழுமாக இருந்தபோதே வேலையை உதறிவிட்டு இந்த ஜங்ஷனுக்கு வந்துவிட்டார். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். காதல் தோல்வி என்றார்கள். புத்தி பிசகிவிட்டது என்றார்கள். இப்போது ரயில்வே போலீசுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறார். தண்டவாளத்தில் கிடைக்கிற, பேர் ஊர் தெரியாத பிணங்களின் படம்.

அவர் வீடு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்தது. கூடத்துச் சுவரில் ஒரே ஒரு படம். அது அவர் எடுத்ததும் இல்லை. பழைய கறுப்பு வெள்ளை கல்யாண குரூப் போட்டோ. நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும், இரண்டு பக்கமும் குடும்பம். பெண்ணின் அம்மாவுக்கும் தாவணி போட்ட ஒரு சிறுமிக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக, பின்சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

தொழில்காரன் கண் சும்மா இருக்குமா?

"தப்பா நெனைக்காதீங்க டீச்சர். இத எடுத்த ஆளுக்குத் தொழில் தெரியல. நடுவுல ஓட்ட விழுந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் சேந்து நில்லுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணாமா?"

"சொன்னார்," என்றார் பிலோமினா. அடுப்பில் காப்பி பொங்க, உள்ளே போய்விட்டார்.

காப்பி வந்ததும் வைரவன் கேட்டான். "ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் டீச்சர் இவ்ளோ தூரம் வந்தேன். எதைப் பாத்தா உங்களுக்குப் படம் எடுக்கணும்னு தோணும்?"

"சர்க்கரை போதுமா?"

"போதும் டீச்சர்."

"பக்கத்துலயே லாட்ஜ் இருக்கு. சூட்கேஸை வச்சிட்டு வாங்க. காலைல வேலை இருக்கு."

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் கூட்டிப் போனார். பிணவறைக்குப் பொறுப்பான தாஸ் கதவைத் திறந்துவிட்டான். மேடையில் ஒரு கிழவர். ஓடுகிற ரயிலிலிருந்து விழுந்தவர். வைரவன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றான்.

பிலோமினா ஈரத் துணியால் கிழவரின் முகத்தில் காய்ந்திருந்த ரத்தத்தையும் மண்ணையும் துடைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. முடி சிலுப்பிக்கொண்டு நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்கச் சொல்லி, நிழல் விழாமல் முகத்துக்கு நேராக ஒரு படம் எடுத்தார். இடப் பக்கம் ஒன்று, வலப் பக்கம் ஒன்று. கையில் பச்சை குத்தியிருந்ததை எடுத்தார். சட்டைக் காலருக்குள் தையல்காரர் வைத்துத் தைத்த பட்டியை எடுத்தார்.

வைரவனுக்குக் கை துறுதுறுத்தது. திறந்திருந்த வாயை மூடக் கையை நீட்டினான். பிலோமினா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்க. அது அவர் வாய்."

"ஈ மொய்க்குது டீச்சர். பாக்க ஒரு மாதிரி இருக்கு."

"ஈயை ஓட்டுங்க."

ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி ஒரு படம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று வைரவனுக்கு மனசு விட்டுப்போனது. இருந்தாலும் அந்தப் பின்கழுத்துப் படம் கண்ணிலேயே நின்றது. அதை எடுத்த கை இதே கைதான். ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வாயைத் திறப்பார் என்று தங்கிவிட்டான்.

நாள்கள் போயின. தண்டவாளம் ஆட்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. அவன் வெள்ளைத் துணியைப் பிடித்தான், அவர் எடுத்தார். எடுத்த படங்கள் ரயில்வே போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு குப்புராஜின் மேசைக்குப் போயின. காணாமல் போனவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு அவர் படத்தைத்தான் முதலில் காட்டுவார். படத்தைப் பார்த்து, ஆமாம் என்றால்தான் பிணவறைக் கதவு திறக்கும். எல்லாப் பிணத்தையும் எல்லோருக்கும் காட்டினால் பெற்றவர்கள் தாங்க மாட்டார்கள் என்பது ஏட்டின் அனுபவம்.

ஒரு நாள் வைரவன் பொறுமை இழந்தான்.

"இந்தப் படத்தையெல்லாம் எவன் டீச்சர் சுவத்துல மாட்டுவான்?"

"யாரும் மாட்டமாட்டாங்க."

"அப்ப யாருக்காக எடுக்கறோம்?"

"ஒரே ஒருத்தருக்கு. ஒரு தடவைதான் பாப்பாங்க."

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"வெள்ளைத் துணி அழுக்காயிருச்சு. துவைக்கணும்," என்றார் பிலோமினா.

அந்த வாரம் ஊரெல்லாம் காய்ச்சல். பிலோமினாவும் படுத்துவிட்டார். மூட்டுக்கு மூட்டு வலி, எழுந்து நிற்க முடியவில்லை. தாஸ் ஆள் அனுப்பியிருந்தான். வடக்கே போகிற பாதையில் ஒரு பையன் கிடந்திருக்கிறான், கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

"நீங்களே போயிட்டு வாங்க வைரவன்," என்றார். "முகத்தைத் துடையுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

இருபத்து நாலு, இருபத்தைந்து வயது இருக்கும். பின்மண்டையில் அடி. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மேலே இருந்த சின்ன ஜன்னலின் கண்ணாடி உடைந்திருந்தது. முற்பகல் வெயில் அதன் வழியாகச் சாய்ந்து இறங்கி, அந்தப் பையனின் ஒரு கன்னத்தில் மட்டும் விழுந்து கிடந்தது. சுற்றிலும் இருட்டு. இருபது வருஷத்துத் தொழிலில் வைரவனுக்கு அப்படி ஒரு வெளிச்சம் வாய்த்ததில்லை. எத்தனை மண்டபம், எத்தனை விளக்கு! எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று தோன்றியது. வந்தது வீண் போகவில்லை என்று நினைத்தான்.

பையனின் முன்பற்கள் நன்றாக எடுப்பு. மேலுதடு அவற்றின்மேல் நிற்காமல் ஏறிப்போயிருந்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு.

வைரவன் யோசித்துச் செய்யவில்லை. அவன் கை செய்தது. கட்டைவிரலால் மேலுதட்டை இறக்கி, பல்லை மூடி, அழுத்திப் பிடித்துக்கொண்டான். விறைக்கத் தொடங்கியிருந்த உடம்பு வைத்ததை வைத்தபடி வைத்துக்கொண்டது. முடியை முன்னால் வாரிப் புருவத்தின்மேல் விட்டான். தலையைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பினான்.

"டீச்சரம்மா இதெல்லாம் செய்யமாட்டாங்க சார்," என்றான் தாஸ்.

"நான் பாத்துக்கறேன்."

கேமராவைக் கண்ணில் வைத்தான். உள்ளே ஒரு ராஜகுமாரன் தூங்கிக்கொண்டிருந்தான். பொத்தானை அழுத்தும்போதே தெரிந்துவிட்டது. வாழ்நாளில் எடுக்க வேண்டிய ஒரு படம் இதுதான். அவனுக்குக் கண் கலங்கியது. டீச்சரிடம் கேட்ட கேள்விக்குத் தானே பதில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தான். அப்புறம் முறைப்படி நேராக ஒன்று, பக்கத்துக்கொன்று என்று மற்றதையும் எடுத்தான். எல்லாம் வாயை மூடிய பிறகு எடுத்தவை.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது ஏட்டு குப்புராஜ் படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"யோவ், எழுப்பினா எந்திரிச்சிருவான் போலருக்கேய்யா."

வைரவனுக்குத் தலை கால் புரியவில்லை. டீச்சருக்கு உடம்பு தேறியதும் பெரிதாகப் போட்டுக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டான்.

பையனைத் தேடி யாரும் வரவில்லை. வைத்திருக்க வேண்டிய நாள் முடிந்தது. மறுநாள் காலை அநாதைப் பிணமாகப் புதைப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்தின மத்தியானம் ஒரு தாய் வந்தாள்.

வைரவன் அப்போது ஸ்டேஷனில்தான் இருந்தான். எங்கோ மலையடிவாரத்துக் கிராமம். பேர் வெள்ளையம்மா என்றாள். எண்ணெய் காணாத தலை, தோளில் ஒரு மஞ்சள் பை. மகன் தனசேகர் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போய் மழைக்காலம் ஒன்று முடிந்துவிட்டது. ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள்.

"பையன் போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார் ஏட்டு.

"இல்லீங்க சாமி."

ஏட்டு பெருமூச்சு விட்டுப் படங்களை எடுத்து ஒவ்வொன்றாக வைத்தார். அவள் ஒவ்வொன்றையும் தொடுவதற்கு முன்னால் கண்ணை மூடித் திறந்தாள். அந்தப் பையனின் படம் வந்தது. மற்றவற்றைவிட அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"இது யாரோ மவராசி பெத்த புள்ள," என்றாள். "ராசா மாதிரி இருக்குது. எம்புள்ள இல்லீங்க."

"நல்லாப் பாரும்மா."

"பாத்துட்டேன் சாமி. எம்புள்ள இல்ல."

கடைசிப் படமும் முடிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள். ஏட்டின் காலைத் தொடப் போனாள். அவர் பதறி நகர்ந்துகொண்டார். சந்தோஷத்தில் பேச்சு தானாக வந்தது.

"அவன் போட்டோவே புடிக்க உடமாட்டான் சாமி. பல்லு கொஞ்சம் எடுப்பு அவனுக்கு. பள்ளிக்கூடத்துல போட்டோ புடிக்க வந்தவரு, வாயை மூடுறா, பாக்கறவன் பயந்துக்குவான்னு சொல்லிட்டாராம். அன்னில இருந்து கேமராவைக் கண்டா ஓடிருவான். எனக்கு அந்தப் பல்லுதான் புடிக்கும். சிரிக்காட்டியும் சிரிச்சாப்பலயே இருப்பான்."

வைரவனின் கட்டைவிரலில் அந்த உதட்டின் சில்லிப்பு ஏறியது. விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்து நின்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். எதற்காக இப்படி முழிக்கிறான் என்று தெரியாமல், "நீயும் நல்லாருக்கணும் சாமி," என்று கும்பிட்டாள். சாயங்காலம்தான் ஊருக்கு பஸ் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். வந்தபோது இருந்த நடை இல்லை அது.

வைரவன் பிலோமினாவின் வீட்டுக்கு ஓடினான். அவர் பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். பையிலிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தான். இதை இப்படிக் கொடுக்க நேரும் என்று அவன் நினைத்திருக்கவே இல்லை.

பிலோமினா வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல படம்," என்றார்.

அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அவன் ஊரை விட்டு வந்தது. இப்போது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"சாயங்காலம்தான். டீச்சர், விட்டுடலாமே. அந்தம்மா எவ்ளோ சந்தோஷமா போறாங்க தெரியுமா? எங்கயோ ஒரு ஊர்ல புள்ள இருக்கான்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டுமே. யாருக்கு என்ன கொறஞ்சிடும்?"

பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஒவ்வொரு மூட்டும் வலிப்பது முகத்தில் தெரிந்தது. அலமாரியிலிருந்து தன் கேமராவை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"காலைல புதைச்சிருவாங்க. இப்பவே போங்க."

"என்னால முடியாது டீச்சர்."

"போங்க வைரவன்."

தாஸ் ஒன்றும் கேட்காமல் பெட்டியை இழுத்துவிட்டான். குளிர்ப்பெட்டியில் இருந்த உடம்பு. உதடு பல்லோடு ஒட்டிப்போயிருந்தது. வைரவன் வெந்நீர் கேட்டான். துணியை நனைத்து ஒத்தி ஒத்தி, இறக்கிய அதே கட்டைவிரலால் உதட்டை ஏற்றினான். லேசில் வரவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, கொஞ்சம் பொறுத்துக்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிணத்தோடு பேசுகிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. முடியை ஒதுக்கினான். புருவத்துத் தழும்பு தெரிந்தது. முகத்தை நேராக்கினான். தாஸ் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தான்.

கேமராவுக்குள் பார்த்தான். ராஜகுமாரன் போய்விட்டான். யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்கப் போகிற ஒரு கிராமத்துப் பையன் படுத்திருந்தான். வைரவன் வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே எடுத்தான்.

பஸ் ஸ்டாண்டில் வெள்ளையம்மா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா சாமி. எத்தினி நாளாச்சோ, சோறு எறங்கவே இல்ல. இன்னிக்குத்தான் பசிக்குது. நீயும் ரெண்டு தின்னு."

வைரவன் கேமராவை நீட்டினான். பின்பக்கத்துச் சின்னத் திரையில் படம் இருந்தது.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பார்த்தாள். ஒரு பஸ் கிளம்பிப் போனது. இன்னொன்று வந்து நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"இது எப்பப் புடிச்சது?"

"இப்பத்தாம்மா."

"அப்ப அங்க காட்டினது?"

"அதுவும் இவர்தாம்மா. நான்தான் வாயை மூடிவிட்டேன். பாக்க அழகா இருக்கட்டும்னு."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புரியாத பாஷையில் எதையோ சொல்லிவிட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எம்புள்ள அழகாத்தானேய்யா இருப்பான்," என்றாள்.

மிச்சம் இருந்த இட்லியைப் பொட்டலமாக மடித்துப் பையில் வைத்தாள். மெதுவாக எழுந்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

ஆஸ்பத்திரிவரைக்கும் அவன் பின்னாலேயே நடந்து வந்தாள். பிணவறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எழுந்த குரலைக் கேட்டு முன்பக்கத்து வார்டில் இருந்த நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்களாம். வைரவன் வேப்பமரத்தடியில் நின்றான். காதைப் பொத்திக்கொள்ளக் கை எழவில்லை.

மறுநாள் அவள் தம்பி வேன் கொண்டுவந்தான். மகனை ஊருக்குக் கொண்டுபோனாள். வேன் கண்ணை விட்டு மறைந்ததும் வைரவன் லாட்ஜுக்குப் போய்ச் சூட்கேஸை எடுத்துக்கொண்டு பிலோமினாவின் வீட்டுக்கு வந்தான். இரவெல்லாம் தூங்காத கண்கள். துக்கம் போய் அவனுக்கு இப்போது கோபம் வந்திருந்தது.

"ஊருக்குக் கெளம்பறேன் டீச்சர்."

"சரி."

"ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். பஸ் ஸ்டாண்டுல நீங்க இல்ல. நான் இருந்தேன். அந்தம்மா பசியாறிக்கிட்டு இருந்தாங்க. என்னையும் சாப்பிடச் சொன்னாங்க. அந்த வாய்ச் சோத்தை நான் புடுங்கினேன். நீங்க புடுங்கச் சொன்னீங்க. படத்தைப் பத்திக் கேக்க வந்தவனுக்கு நல்ல பாடம் சொல்லிக் குடுத்தீங்க."

பிலோமினா எழுந்து போய்ச் சுவரில் இருந்த குரூப் போட்டோவைக் கழற்றினார். கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அவன் முன்னால் உட்கார்ந்து, படத்தை இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"எங்க அக்கா கல்யாணம். இது எங்கம்மா. தாவணி போட்டிருக்கறது நான்."

இரண்டு பேருக்கும் இடையில் அந்த வெள்ளைச் சுவர்.

"அண்ணன் வீட்டைவிட்டுப் போய் அப்ப ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. போட்டோகிராபர் நல்ல மனுஷர். சேந்து நில்லுங்கம்மா, சேந்து நில்லுங்கம்மான்னு கெஞ்சினார். அம்மா நகரல. நீங்க எடுங்க, அவன் வந்ததும் தனியா ஒண்ணு எடுத்து அந்த இடத்துல ஒட்டிக்கலாம்னாங்க."

வைரவன் சூட்கேஸைக் கீழே வைத்தான்.

"அப்புறம் வீட்டுல யார் படம் எடுத்தாலும் அந்த இடத்தை விட்டுருவோம். அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தப்ப விட்டோம். எனக்கு வேலை கிடைச்சு எல்லாரும் போய் ஸ்டுடியோவுல எடுத்தப்ப விட்டோம். அம்மா செத்தப்ப பெட்டியைச் சுத்தி உக்காந்து எடுப்பாங்க இல்லையா, அதுலயும் விட்டோம். யாரும் சொல்லல. தானா தள்ளி உக்காந்தோம்."

வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று.

"அண்ணனைத் தேடலையா டீச்சர்?" என்றான் வைரவன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"தேடினோம். இந்த ஜங்ஷன்ல இறங்கினதை ஊர்க்காரர் ஒருத்தர் பாத்திருந்தார். அம்மாவும் நானும் வந்தோம். இதே ஸ்டேஷன்தான். அப்ப இருந்த ஏட்டு படம் காட்டினார். அம்மா ஒவ்வொண்ணாப் பாத்துட்டு, யாரோ பெத்த புள்ள, யாரோ பெத்த புள்ளன்னு திருப்பிக் குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அம்மாவுக்கு அன்னிக்குத்தான் பசிச்சுது. பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து ரெண்டு பேரும் வயிறு நெறையச் சாப்பிட்டோம். சிரிச்சுப் பேசிக்கிட்டே ஊருக்குப் போனோம்."

வைரவன் படத்தின் நடுவில் இருந்த அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டான்.

"அன்னிக்குக் காட்டினாங்களே டீச்சர், அந்தப் படத்துல உங்க அண்ணன் இருந்தாரா?"

பிலோமினா போட்டோவை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டினார். கோணலாக இருந்ததை விரலால் நிமிர்த்தினார்.

"தெரியாது வைரவன்," என்றார். "எல்லாமே ரொம்ப அழகா எடுத்திருந்த படங்கள்."